சினைப்பூனைக்கு நாள் நெருங்குகிறது: பெட்டி, வலி, எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

மல்லிகைப்பந்தல் (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுப் பூனைக்கு நிறைசினை. கடுவனோடு சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் இன்று 57ஆம் நாள். முதல் ஈற்று, சாதாரண நாட்டுப் பூனை. ஸ்கேனில் குட்டிகள் உயிரோடு இருப்பது தெரிந்தது, எத்தனை என்று சொல்லவில்லை. காம்புகள் சிவந்து மடி இறங்கத் தொடங்கியிருக்கிறது. பெட்டியை எங்கே வைப்பது? கடையில் கொடுத்த கால்சியம் சொட்டைத் தரலாமா? வலி வந்தபின் எவ்வளவு நேரம் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்கலாம்? நாள் தீபாவளி வாரத்தில் விழுகிறது, அதுவும் கவலையாக இருக்கிறது.

கால்நடைச்செவிலி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முதலில் அந்தச் சொட்டு மருந்தை எடுத்து வையுங்கள். சினைக் காலத்தில் கால்சியம் கூடுதலாகப் போனால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குத் தரும் பாராதைராய்டு சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். குட்டி போட்டு, பால் பெருகி, திடீரென்று நிறையக் கால்சியம் தேவைப்படும்போது அந்தச் சுரப்பி உடனே எழுந்து வேலை செய்யாது. ரத்தத்தில் கால்சியம் சரிந்து தாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரும். நல்லது என்று நினைத்துக் கொடுப்பதுதான் பிறகு கெடுக்கிறது.

தேவையான கால்சியம் நல்ல குட்டிப்பூனைத் தீவனத்திலேயே இருக்கிறது. ஆறாவது வாரத்திலிருந்து அதற்கு மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லையென்றால் மூன்று நான்கு நாளில் பழைய தீவனத்தோடு கலந்து மாற்றுங்கள். இப்போது வயிற்றில் குட்டிகள் இரைப்பையை நெருக்குவதால் ஒரே வேளையில் அதிகம் தின்னாது. நாளுக்கு ஐந்தாறு முறை சிறிது சிறிதாக வையுங்கள். பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு ஆகும். கருவாடும் தக்காளி சாஸில் ஊறிய டின் மீனும் உப்பு, அவற்றை உணவாக வைக்காதீர்கள்.

இரண்டாவது விஷயம், இதைத் தள்ளிப்போடாதீர்கள்: எக்ஸ்ரே எடுங்கள். 45ஆம் நாள் வாக்கில் குட்டிகளின் எலும்பு படத்தில் தெரிய ஆரம்பிக்கும். 55க்கு மேல் தலையையும் முதுகெலும்பையும் எண்ணிச் சரியாகச் சொல்ல முடியும். ஸ்கேன் உயிர் இருக்கிறதா என்று காட்டும், எண்ணிக்கைக்கு அதை நம்ப முடியாது. மூன்றாவது குட்டிக்குப் பிறகு பூனை அமைதியாகப் படுத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா, உள்ளே ஒன்று சிக்கியிருக்கிறதா என்ற கேள்வி வரும். அப்போது கையில் அந்த எண் இருந்தால்தான் கடிகாரத்தைப் பார்ப்பதில் பயன்.

ஃபீனிக்ஸ்_பூனைவீடு

பெட்டி பற்றி நான் சொல்கிறேன். 60 செ.மீ. நீளம், 45 அகலம், 40 உயரம் இருந்தால் பூனை கால் நீட்டிப் படுக்கவும் திரும்பவும் முடியும். அதைவிடப் பெரிதானால் குட்டி தாயிடமிருந்து விலகி மூலையில் குளிர்ந்து கிடக்கும். வாசலை அடி வரை வெட்டாதீர்கள், 12 செ.மீ. உயரத்துக்குக் கரை விடுங்கள். தாய் தாண்டிவிடும், குட்டி வெளியே உருளாது. பால் குடித்துக்கொண்டிருக்கும் குட்டி காம்பை விடாமல் தாயோடு இழுபட்டு வெளியே வந்து விழுவது அடிக்கடி நடப்பது, அந்தக் கரை அதைத் தடுக்கும். கடையில் கிடைக்கும் வாழைப்பழ அட்டைப்பெட்டியைப் பயன்படுத்தினால் அடியில் இருக்கும் பெரிய ஓட்டையை வேறு அட்டை வைத்து மூடுங்கள்.

உள்ளே செய்தித்தாள் எட்டுப் பத்து மடிப்பு, மேலே பழைய பருத்தி விரிப்பு அல்லது ஃபிளானல். ஈரமானதும் மேல்தாளை உருவிவிடலாம். நூல் வளையம் தூக்கிய டவல் வேண்டாம், குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும்.

இடம்: வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த, அரையிருட்டான மூலை. மணல் தட்டும் தண்ணீரும் அதே அறையில் இருக்கட்டும், ஆனால் தட்டு பெட்டியை ஒட்டி இருக்கக்கூடாது. இன்றைக்கே வைத்துவிடுங்கள், அது படுத்துத் தன் வாசனையை ஏற்ற ஒரு வாரமாவது வேண்டும். பூனை உங்கள் பெட்டியை விட்டு அலமாரியின் கீழ்த்தட்டைத் தேர்ந்தெடுத்தால் சண்டை போடாதீர்கள். அலமாரியைக் காலி செய்து பெட்டியை அங்கே தள்ளுங்கள். வலி தொடங்கியபின் தூக்கி இடம் மாற்றினால் வலி நின்றுபோகும்.

சாட்ஸ்வர்த் என்பதால் இதையும் சொல்கிறேன்: குரங்கு. கம்பி போட்ட ஜன்னல் என்று நம்பாதீர்கள், வெர்வெட் குரங்கின் குட்டி அந்த இடைவெளியில் நுழையும், பெரியது கையை விட்டுத் துழாவும். பெட்டி இருக்கும் அறையில் ஜன்னலைச் சாத்துங்கள், அல்லது உள்பக்கம் வலை அடியுங்கள். தாய்ப்பூனை பயந்துவிட்டால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வீடு முழுக்க இடம் தேடும்.

கரும்புத்தோட்டம் (டொங்காட்)

பெட்டியையும் தரையையும் எதைக் கொண்டு துடைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். நம் வீடுகளில் ஜெய்ஸ் ஃப்ளூயிட், டெட்டால் இரண்டும் கைக்குப் பழகியவை. இரண்டும் ஃபீனால் வகைச் சரக்கு. அந்த நஞ்சை முறிக்கப் பூனையின் கல்லீரலில் போதிய சக்தி இல்லை. பாதத்தில் பட்டதை நக்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும். சாதாரண சோப்புத் தண்ணீர் போதும். கிருமி போக வேண்டுமென்றால் ப்ளீச்சை 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, நன்றாக அலசிக் காயவிடுங்கள்.

அதே போல, நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கழுத்தில் விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை நடுக்கம் கண்டு செத்துப்போகும். வலிக்கிறதே என்று பனடோ மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் கொலைக்குச் சமம், பாராசிட்டமால் கால் மாத்திரை கூடப் பூனைக்கு விஷம்.

உண்ணி என்றதும் இன்னொன்று. நம் குவாசுலு-நட்டால் மாகாணக் கடற்கரையோரம் பூனைக்கு பாபேசியா ஃபெலிஸ் என்ற ரத்த ஒட்டுண்ணி வரும். நாய்க்கு வரும் பிலியரி என்ற உண்ணிக்காய்ச்சல் போலத்தான், ஆனால் பூனைக்குப் பெரும்பாலும் காய்ச்சல் தெரியாது. சோர்வு, தீனி குறைவு, ஈறு வெளுப்பு, அவ்வளவுதான். நிறைசினைப் பூனை சோம்பிக் கிடப்பது வழக்கம் என்று விட்டுவிடுவோம், அங்கேதான் தவறிப்போகிறது. தினமும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெள்ளைத்தாள் போல இருந்தால் குட்டி போடும் வரை காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். அதற்கான ப்ரைமாகுவின் மருந்து அளவு சற்றுக் கூடினாலும் உயிரை வாங்கும், டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும்.

மல்லிகைப்பந்தல்

கால்சியத்தை எடுத்து வைத்துவிட்டேன். நாளை எக்ஸ்ரேக்கு நேரம் கிடைத்திருக்கிறது. ஈறு இளஞ்சிவப்புதான். தெர்மோமீட்டர் வைத்துப் பார்த்தால் நாள் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

ஃபீனிக்ஸ்_பூனைவீடு

உண்மை. பூனையின் சாதாரண வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி வரை. வலி வருவதற்கு முந்தைய 12 முதல் 24 மணி நேரத்தில் 37.8க்குக் கீழே இறங்கும். டிஜிட்டல் தெர்மோமீட்டரின் முனையில் வாசலின் தடவி, குதத்தில் 2 செ.மீ. விட்டு, காலை மாலை ஒரே நேரத்தில் எடுத்து எழுதிவையுங்கள்.

கால்நடைச்செவிலி

இங்கே நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். நாய்க்கு இந்த வெப்பச் சரிவு ஓரளவு நம்பத்தக்கது. பூனையில் சிலவற்றுக்கு இறங்கவே இறங்காது, சிலவற்றுக்கு இறங்கிய சில மணியில் ஏறிவிடும், இரண்டு அளவுக்கு நடுவில் நடந்துவிட்டால் உங்களுக்குத் தெரியாது. அதுவும் முதல் ஈற்றுப் பூனையை நாளுக்கு இரண்டு முறை பிடித்து வால் தூக்கினால் உங்களைக் கண்டாலே ஒளியும். கடைசியில் எங்கேயோ கட்டிலுக்கு அடியில் போய்ப் போடும். அது அமைதியாக விடுமானால் எடுங்கள், திமிறினால் விட்டுவிடுங்கள்.

அதைவிட நல்ல அடையாளங்கள் வேறு உண்டு. காம்பை மெல்ல அழுத்தினால் பால் துளிர்ப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஈனும் என்பதற்கு அறிகுறி. அழுத்திப் பார்ப்பது ஒரு முறை போதும். பெட்டியைக் கிளறுதல், தீனியை மறுத்தல், உங்கள் பின்னாலேயே வந்து கத்துதல் அல்லது நேர்மாறாக ஒளிதல், பிறப்புறுப்பை நக்கிக்கொண்டே இருத்தல், இவையெல்லாம் முதல் கட்டம்.

ஃபீனிக்ஸ்_பூனைவீடு

சரி, திமிறினால் விட்டுவிடலாம், அதில் தகராறு இல்லை. ஆனால் ஒளிந்து பழகிய பூனைக்கு வெப்பக் குறிப்பு இல்லாவிட்டால் இரவில் எப்போது எழுந்து பார்ப்பது என்றே தெரியாது. 37.5 கண்டால் அன்று இரவு அறைக் கதவைச் சாத்திவைக்கலாம், அந்தப் பயனுக்காகத்தான் சொல்கிறேன்.

லெனேசியா_வாசி

கதகதப்பு பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. பிறந்த குட்டிக்கு உடம்பு வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் குட்டி கிடக்கும் இடத்தில் 30 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். இரண்டாம் வாரம் 27, 28. பிறகு 25 போதும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் ஜூலைக் குளிர்கால இரவு உறைபனிக்குப் பக்கம் போகும், அங்கே ஹீட்டர் இல்லாமல் முடியாது. டர்பன் பக்கம் அக்டோபரில் இரவு மட்டும் கவனித்தால் போதும், பகலில் பெரும்பாலும் எதுவும் தேவைப்படாது.

வெந்நீர்ப் பையில் கொதிநீர் ஊற்றாதீர்கள். கை பொறுக்கும் சூடு, 40 முதல் 45 டிகிரி. டவலில் சுற்றி, பெட்டியின் பாதிப் பக்கத்துக்கு மட்டும் அடியில் வையுங்கள். மறுபாதி குளிர்ந்திருந்தால்தான் சூடு தாங்காத குட்டி நகர்ந்து போக முடியும். குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்தால் குளிர், சிதறிப் படுத்துக் கத்தினால் சூடு அதிகம். மின்சூட்டு மெத்தை வைப்பவர்கள் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். லோட்ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) இல்லாத நாளிலும் லைன் பழுதாகி மணிக்கணக்கில் போவது நம் நாட்டில் புதிதல்ல. ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர், சார்ஜ் ஏற்றிய தலைவிளக்கு, இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள் போதும்.

மல்லிகைப்பந்தல்

எக்ஸ்ரே முடிந்தது. நான்கு குட்டிகள். இடுப்பெலும்பு அகலம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். இப்போது அந்த நேரக் கணக்கைச் சொல்லுங்கள்.

கால்நடைச்செவிலி

நான்கு. அந்த எண்ணைப் பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும்.

முதலில் மொத்த நாள். 63 முதல் 67 வரை வழக்கம். 60க்கு முன் வந்தால் குட்டியின் நுரையீரல் பக்குவப்பட்டிருக்காது, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். 68 தாண்டியும் அசைவில்லையென்றால் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் கட்டத்தில் கருப்பை வாய் திறக்கிறது. வெளியே முக்குவது தெரியாது. அமைதியின்மை, மூச்சிரைப்பு, சில பூனைகள் சத்தமாகக் குறுகுறுக்கும். தெளிந்த, வாடையில்லாத சளி வரலாம். 6 முதல் 12 மணி நேரம், முதல் ஈற்றுக்கு 24 வரை போகும். 24 தாண்டியும் முக்கல் தொடங்கவில்லையென்றால் போன்.

இரண்டாம் கட்டம் முக்கல். வயிறு இறுகி அலை போல இறங்குவதைப் பார்ப்பீர்கள். முதல் முக்கலைக் கண்டதும் மணியைக் குறியுங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், அந்த நேரத்தில் பத்து நிமிடம் ஒரு மணி போலவும் ஒரு மணி பத்து நிமிடம் போலவும் தோன்றும். பலமாக, விடாமல் முக்கி 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வரவில்லையென்றால் கிளம்ப வேண்டும். குட்டியின் ஒரு பகுதி பிறப்புறுப்பின் வாயில் தெரிந்து 10 நிமிடத்தில் வெளியே வரவில்லையென்றால் கிளம்ப வேண்டும். சிவந்த புது ரத்தம் சொட்டுச் சொட்டாக 10 நிமிடத்துக்கு மேல் வந்தாலும், நாற்றமடிக்கும் சீழ் வந்தாலும், தாய் துவண்டு ஈறு வெளுத்தாலும் நேரத்தைப் பார்க்கவே வேண்டாம்.

அடர்நிறத் திரவம் பற்றி: நாய்க்கு நஞ்சு (நஞ்சுக்கொடி) பிரியும்போது பச்சை நிறத்தில் வரும். பூனைக்குப் பெரும்பாலும் செம்பழுப்பு. அதைக் கண்டபின் முதல் குட்டி விரைவில் வர வேண்டும். வராவிட்டால் நஞ்சு பிரிந்து குட்டிக்குப் பிராணவாயு குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

குட்டிக்கும் குட்டிக்கும் இடைவெளி 10 நிமிடம் முதல் ஒரு மணி வரை சாதாரணம். 2 மணி நேரம் தாண்டி, உள்ளே இன்னும் இருக்கிறது என்று எண்ணிக்கை சொன்னால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கரும்புத்தோட்டம்

2 மணி என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், செவிலி அக்கா. பூனைகளில் ஈற்று இடையில் நின்று, 24 மணி கழித்துக்கூட மீண்டும் தொடங்கிச் சுகமாகக் குட்டி போடுவது உண்டு. அப்போதெல்லாம் ஊசி போட்டுத் தள்ளினால் கெடுதல்தானே?

கால்நடைச்செவிலி

உண்மைதான், நாயில் அப்படிப் பார்க்க முடியாது, பூனையில் உண்டு. ஆனால் அந்த இடைநிறுத்தத்தில் தாய் எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். முக்கல் முழுவதும் நின்று, பிறந்த குட்டிகளுக்குப் பால் கொடுத்து, தண்ணீர் குடித்து, தின்று, தூங்குகிறதென்றால் அது ஓய்வு. அமைதியாக இருக்க விடலாம். முக்கல் விட்டுவிட்டு வருவது, குட்டிகளைக் கவனிக்காமல் எழுந்து எழுந்து சுற்றுவது, கண் மங்குவது என்றால் அது சிக்கல் அல்லது கருப்பை சோர்வு. 2 மணிக்குக் கூப்பிடுங்கள் என்று நான் சொல்வது போனில் கேட்பதற்கு. ஓய்வா சிக்கலா என்பதை டாக்டர் உங்களிடம் நாலு கேள்வி கேட்டுச் சொல்லிவிடுவார், வேண்டுமானால் ஸ்கேனில் குட்டியின் இதயத்துடிப்பைப் பார்ப்பார். நிமிடத்துக்கு 200க்கு மேல் இருந்தால் நல்லது, இறங்கிக்கொண்டே போனால் குட்டி திணறுகிறது.

கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசியை வீட்டில் யாரும் போடக்கூடாது. குட்டி குறுக்கே கிடக்கும்போது போட்டால் கருப்பை கிழியும். முதலில் அடைப்பு இல்லையென்று உறுதி செய்ய வேண்டும், அது கைக்கும் படத்துக்கும்தான் தெரியும்.

மல்லிகைப்பந்தல்

குட்டி பின்னங்காலும் வாலும் முதலில் வந்தால்? பையோடு வந்து தாய் கிழிக்காவிட்டால்?

ஃபீனிக்ஸ்_பூனைவீடு

பின்பக்கமாக வருவது பூனைக்குச் சாதாரணம், பத்தில் நான்கு அப்படி வரும். கால்கள் நீண்டு வந்தால் கவலையில்லை. கால்கள் மடங்கி வாலும் பிட்டமும் மட்டும் தெரிந்தால்தான் அடைத்துக்கொள்ளும்.

பாதி வந்து நின்றுவிட்டால்: கையை சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, கையுறை மாட்டுங்கள். கே-ஒய் போன்ற நீர்ப்பசை ஜெல்லியைச் சுற்றிலும் விடுங்கள், எண்ணெய் வேண்டாம். சுத்தமான துணியால் குட்டியின் இடுப்பையோ தோளையோ அகலமாகப் பிடியுங்கள். தலையையோ ஒற்றைக் காலையோ பிடித்தால் கழன்றுவிடும். தாய் முக்கும்போது மட்டும், அதன் குதிகால் பக்கமாகக் கீழ்நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். முக்கல் நின்றால் நீங்களும் நிறுத்திப் பிடித்தபடியே இருங்கள். இரண்டு மூன்று முக்கலில் நகரவில்லையென்றால் விட்டுவிட்டுக் காரை எடுங்கள்.

பை கிழியாமல் வந்தால் தாய்க்கு அரை நிமிடம் கொடுங்கள். அதற்குள் நக்கத் தொடங்கவில்லையென்றால் மூக்கருகில் விரலால் கிள்ளிக் கிழித்து முகத்திலிருந்து பின்னோக்கி உரியுங்கள். தலையைச் சற்றுத் தாழ்த்தி, ரப்பர் உறிஞ்சியால் முதலில் வாயையும் பிறகு மூக்கையும் உறிஞ்சுங்கள். உலர்ந்த டவலில் முதுகோடு சேர்த்து வேகமாகத் தேய்க்க வேண்டும். குட்டி கோபப்பட்டுக் கத்தும் அளவுக்குத் தேய்க்கலாம். கையில் பிடித்து வீசி ஆட்டும் பழைய முறையை விட்டுவிடுங்கள், மூளையில் ரத்தக்கசிவு ஆகும். மார்பை இரு விரலால் பிடித்தால் துடிப்பு தெரிகிறதா பாருங்கள். துடிப்பு இருக்கும் வரை 15, 20 நிமிடம் விடாதீர்கள். சில குட்டி பத்தாவது நிமிடத்தில் மூச்சு விடும்.

தொப்புள்கொடியைத் தாய் கடிக்கும். கடிக்காவிட்டால் வயிற்றிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளி நூலால் (பல்லிடுக்கு நூலும் சரி) இறுக்கிக் கட்டி, கட்டுக்கு அப்பால், நஞ்சின் பக்கமாக, வெட்டுங்கள். கொடியைக் குட்டியின் வயிற்றிலிருந்து இழுபட விடக்கூடாது, குடலிறக்கம் ஆகும். நுனியில் போவிடோன் அயோடினைத் தொட்டு வையுங்கள், மஞ்சள் பொடி அப்பாதீர்கள், பொடி ஈரத்தைப் பிடித்துக் கட்டியாகி அழுக்கைச் சேர்க்கும்.

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சு. குட்டிக்குப் பின் 15 நிமிடத்துக்குள் பெரும்பாலும் விழும், சில நேரம் இரண்டு குட்டிக்குப் பின் இரண்டும் சேர்ந்து விழும். தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். தாய் ஒன்றிரண்டைத் தின்னட்டும், எல்லாவற்றையும் தின்றால் கழியும். விழாத நஞ்சின் கொடி வெளியே தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள்.

லெனேசியா_வாசி

பாரசீகம் போன்ற தட்டை முக இனம் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால்: குட்டியின் தலை அகலம், தாயின் இடுப்பு குறுகல், சிசேரியன் வாய்ப்பு கூட. நாட்டுப் பூனைக்குச் சொன்ன பொறுமையை அங்கே காட்டாதீர்கள், முன்பே டாக்டரோடு பேசி வைத்திருங்கள். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இனத்தில் பி வகை ரத்தமுள்ள தாய்க்கு ஏ வகைக் குட்டி பிறந்தால், சீம்பாலிலுள்ள எதிர்ப்புப் பொருளே குட்டியின் ரத்தத்தை அழிக்கும். இணை சேர்க்கும் முன்பே இருவருக்கும் ரத்த வகை பார்க்க வேண்டும்.

மல்லிகைப்பந்தல்

தீபாவளி வெடிக்கு என்ன செய்யலாம்?

கரும்புத்தோட்டம்

உங்கள் வீட்டில் வெடிக்காவிட்டாலும் தெரு முழுக்க வெடிக்கும், அதனால் அறையைத் தயார் செய்யுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டாத உள்ளறை, கனத்த திரைச்சீலை, ஜன்னல் சாத்தியிருக்கட்டும். மதியத்திலிருந்தே ரேடியோவையோ மின்விசிறியையோ மெல்லிய சீரான சத்தத்தில் ஓடவிடுங்கள், வெடி தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை. பெட்டியின் மேல் ஒரு போர்வை, வாசல் மட்டும் திறந்தபடி. பயம் வந்தால் அட்ரினலின் ஏறும், அது கருப்பைச் சுருக்கத்தை அடக்கும். முதல் கட்டத்தில் இருக்கும் பூனை அப்படியே நிறுத்திவிடும். விருந்தினர் அந்த அறைக்குள் போகாமல் கதவில் எழுதி ஒட்டுங்கள். சாம்பிராணியும் கற்பூரமும் வேறு அறையில் இருக்கட்டும். பூச்சாடியில் லில்லி வந்தால் வீட்டுக்குள்ளேயே வேண்டாம், மகரந்தம் பட்டதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

பண்டிகை நாள் என்பதால் எந்த மருத்துவமனை இரவில் திறந்திருக்கும் என்று இன்றைக்கே போன் செய்து கேளுங்கள். இரவுக் கட்டணம், சிசேரியன் கட்டணம், முன்பணம் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரவு 2 மணிக்கு முக்கிக்கொண்டிருக்கும் பூனையை வைத்துக்கொண்டு பேசும் பேச்சல்ல அது. கொண்டுபோகும்போது பிறந்த குட்டிகளைச் சின்னப் பெட்டியில் வெந்நீர்ப் பையோடு தனியாக எடுத்துச் செல்லுங்கள். ஓடும் காரில் தாயோடு ஒரே கூண்டில் வைத்தால் நசுங்கும்.

கால்நடைச்செவிலி

பிறந்த பின் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கிராம் காட்டும் சமையலறைத் தராசு வாங்கிவையுங்கள். 90 முதல் 110 கிராம் நல்ல எடை. முதல் நாள் சிறிது குறையலாம், பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதன் பிறகு தினமும் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும், பத்தாம் நாள் வாக்கில் பிறந்த எடை இரட்டிக்கும். ஒவ்வொரு குட்டிக்கும் வால் நுனியிலோ காதிலோ நிற அடையாளத்தைக் குறித்து, தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். குட்டி மெலிவது கண்ணுக்குத் தெரியும் முன் தராசில் தெரிந்துவிடும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனம், இரண்டாம் நாளும் ஏறாவிட்டால் டாக்டர்.

முதல் 16 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்தாக வேண்டும். நோய் எதிர்ப்புப் பொருள் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது அந்த நேரத்தோடு நின்றுவிடும்.

குட்டி குளிர்ந்து கிடந்தால் வாயில் பால் விடாதீர்கள். உடம்பு வெப்பம் 35க்குக் கீழே இருக்கும்போது குடல் அசையாது, பால் தேங்கிப் புளிக்கும், அல்லது நுரையீரலுக்குள் போகும். முதலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெல்லச் சூடேற்றி, பிறகு பூனைக்குட்டிக்கான பால்மாவு. 100 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிக்கு மேல் வேண்டாம், 2 முதல் 3 மணிக்கு ஒரு முறை. குட்டி குப்புறப் படுத்துத் தலை நிமிர்ந்தபடி குடிக்க வேண்டும், மனிதக் குழந்தையைப் போல மல்லாத்தினால் புரையேறும். தாய் நக்காவிட்டால் ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் ஈரப் பஞ்சால் அடியில் தடவினால்தான் சிறுநீரும் மலமும் போகும்.

தாய்க்கு இரண்டு மூன்று வாரம் வரை செம்பழுப்பில் கொஞ்சம் கசிவு இருக்கலாம். நாற்றம், காய்ச்சல், குட்டியை ஒதுக்குதல் சேர்ந்தால் கருப்பையில் சீழ். ஒரு காம்பு மட்டும் கல்லாகிச் சூடாகி ஊதா நிறமானால் மடி வீக்கம். நடை விறைத்து, முகம் துடித்து, மூச்சு வாங்கினால் நான் முதலில் சொன்ன கால்சியம் சரிவு, பெரும்பாலும் முதல் நான்கு வாரத்துக்குள் வரும். உடனே குட்டிகளைப் பிரித்துவிட்டுத் தாயைக் கொண்டு ஓடுங்கள். நரம்பு வழியாக மெல்ல ஏற்ற வேண்டிய மருந்து அது, வாய் வழியாகத் தருவதற்கு அப்போது நேரம் இருக்காது.

வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் மணல் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்யட்டும். வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளியேறி ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும், தினமும் அள்ளிவிட்டால் அந்த வாய்ப்பு மிகவும் குறையும்.

மல்லிகைப்பந்தல்

எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன், அக்கா. கடைசியாக ஒன்று: பால் கொடுக்கும்போது மறுபடி சினை பிடிக்காது என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்கிறார்.

ஃபீனிக்ஸ்_பூனைவீடு

பிடிக்கும். குட்டி போட்ட சில வாரத்திலேயே, பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, சூட்டுக்கு வரக்கூடும். பகல் நீளும் காலம்தான் பூனைக்குப் பருவம், நமக்கு அது ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிக் கோடை முழுக்க இருக்கும், நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள். தாயை வெளியே விடாதீர்கள். எட்டாவது வாரத்தில் குட்டிகள் பால் மறந்து மடி வற்றியதும் கருத்தடை செய்துவிடுங்கள்.

குட்டிகளுக்குப் பூச்சி மருந்து மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, உருளைப்புழு தாய்ப்பால் வழியாகவே போகும். தாய்க்கும் அதே நாளில் கொடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி நம் மாகாணத்தில் பூனைக்கும் சட்டப்படி கட்டாயம், மூன்று மாதத்தில் முதல் ஊசி. குட்டியை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துக் கொடுங்கள்.